சைக்கிள் கொடுத்ததால்தான் பீகார் மாணவிகள் பள்ளிக்கு வந்தார்களா? கல்வித் திட்டங்களின் பலனை ஆய்வாளர்கள் அளப்பது எப்படி?

"திட்டம் தொடங்கிய பிறகு மாணவர் சேர்க்கை கணிசமாக அதிகரித்துள்ளது."

கல்வித்துறை செய்திக்குறிப்புகளில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. மாநிலம் மாறும், ஆளும் கட்சி மாறும், திட்டத்தின் பெயர் மாறும். வாக்கியம் மட்டும் மாறாது. அதில் பெரும்பாலும் பொய்யும் இருக்காது. சேர்க்கை உண்மையிலேயே கூடியிருக்கும்.

சிக்கல் 'பிறகு' என்ற சொல்லில் இருக்கிறது. திட்டத்துக்குப் பிறகு கூடியது என்பது வேறு, திட்டத்தால் கூடியது என்பது வேறு.

டேட்டா வேலைக்கு வந்த புதிதில் நானும் இப்படி ஒரு வரைபடம் போட்டேன். ஒரு மாவட்டம், ஒரு திட்டம், அதற்கு முந்தைய சேர்க்கை, பிந்தைய சேர்க்கை. அழகாக ஏறிப்போகும் கோடு. பக்கத்தில் இருந்த சீனியர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திட்டம் வராத பக்கத்து மாவட்டத்துல என்னப்பா ஆச்சு?" போய்ப் பார்த்தேன். அங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருந்தது. அந்தக் கட்டுரை வெளிவரவில்லை.

அந்தப் பக்கத்து மாவட்டத்தைத்தான் ஆய்வாளர்கள் 'ஒப்பீட்டுக் குழு' என்கிறார்கள். அதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம், தப்பாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள பீகாரின் சைக்கிள் திட்டத்தைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் கிடைப்பது கஷ்டம்.

பீகாரில் என்ன நடந்தது?

2005 நவம்பரில் நிதிஷ் குமார் முதல்வரானார். அடுத்த ஆண்டே, 2006ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை அவரது அரசு அறிவித்தது. பெயர், 'முக்கியமந்திரி பாலிகா சைக்கிள் யோஜனா'.

ஏன் ஒன்பதாம் வகுப்பு? தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளி அப்படி இல்லை, நாலைந்து ஊருக்கு ஒன்றுதான். எட்டு முடித்த பெண் பிள்ளை தினமும் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். வீட்டு வேலைக்கு நேரம் போதாது, வழியில் பாதுகாப்பும் இல்லை. "எட்டு வரைக்கும் படிச்சது போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பையன்கள் மட்டும் தொடர்ந்து போவார்கள்.

திட்டம் வந்தது. மாணவிகள் சீருடையில் வரிசையாக சைக்கிளில் போகும் படம் புதிய பீகாரின் அடையாளமாகவே ஆனது. 2010 சட்டமன்றத் தேர்தலில் நிதிஷ் கூட்டணி பெருவெற்றி பெற்றபோது, சைக்கிளும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

ஆனால் அதே ஆண்டுகளில் பீகாரில் வேறு பல விஷயங்களும் நடந்தன. சாலைகள் போடப்பட்டன. சட்டம் ஒழுங்கு மேம்பட்டது. ஆசிரியர்கள் பெரிய எண்ணிக்கையில் நியமிக்கப்பட்டார்கள். மாநிலப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. சைக்கிளே கொடுக்காமல் இருந்திருந்தாலும் மாணவிகள் எண்ணிக்கை கூடியிருக்கலாம், இல்லையா? எவ்வளவு கூடியிருக்கும்? அந்த எண் தெரிந்தால்தான் சைக்கிளின் பங்கு தெரியும். ஆனால் சைக்கிள் கொடுக்கப்படாத பீகார் என்று ஒன்று எங்கேயும் இல்லை.

குலுக்கல் முறையில் செய்திருக்கலாமே?

செய்திருக்கலாம். பீகாரின் கிராமங்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிக்கு மட்டும் முதலில் சைக்கிள் கொடுத்திருந்தால் விஷயம் எளிது. குலுக்கல் என்பதால் இரண்டு பக்கமும் சராசரியாக ஒரே மாதிரி இருக்கும். பின்னால் தெரியும் வித்தியாசம் சைக்கிளுடையது. கல்வியில் இப்படி நடந்த சோதனைகள் உண்டு. பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் 'பால்சகி' திட்டத்தை 'பிரதம்' அமைப்பு வதோதராவிலும் மும்பையிலும் நடத்தியபோது, எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு உதவியாளர் என்பது குலுக்கல் முறையில்தான் முடிவானது. அந்த ஆய்வில் இருந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019ல் மைக்கேல் கிரெமருடன் பொருளாதார நோபல் பெற்றது இந்த வழியில் செய்த வேலைகளுக்காகத்தான்.

ஆனால் அரசுகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. ஒரு முதல்வர் மேடையேறி "உங்கள் ஊருக்குச் சீட்டு விழவில்லை" என்று சொல்ல முடியாது. அறிவித்தால் மாநிலம் முழுக்கத்தான். ஆய்வாளர் வந்து சேரும்போது எல்லோர் கையிலும் சைக்கிள் இருக்கும்.

இங்கேதான் 'குவாசி எக்ஸ்பெரிமென்ட்' வருகிறது. சோதனை மாதிரியான ஆய்வு என்று புரிந்துகொள்ளலாம். யாருக்குத் திட்டம், யாருக்கு இல்லை என்பதை இங்கே ஆய்வாளர் பிரிப்பதில்லை. மாநில எல்லையோ, ஒரு தேதியோ, ஒரு கட்-ஆஃப் மதிப்பெண்ணோ ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும். ஆய்வாளர் அந்தப் பிரிவினையைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

இந்தச் சொல் பரவியதே கல்வி ஆய்விலிருந்துதான். 1963ல் அமெரிக்க உளவியலாளர் டொனால்டு கேம்ப்பெல்லும் ஜூலியன் ஸ்டான்லியும் கற்பித்தல் ஆய்வுக்கான ஒரு கையேட்டில் நீண்ட அத்தியாயம் ஒன்றை எழுதினார்கள். ஆய்வகத்தில் எலிகளைப் பிரிப்பதுபோல வகுப்பறையைப் பிரிக்க முடியாது, ஏற்கெனவே இருக்கும் வகுப்புகளை வைத்துக்கொண்டு எவ்வளவு நம்பகமாக முடிவு சொல்லலாம் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. முன்-பின் ஒப்பீடு எங்கெல்லாம் ஏமாற்றும் என்று அவர்கள் தொகுத்தது இன்றும் அப்படியே பொருந்துகிறது. பிள்ளைகள் வளர்கிறார்கள், அதனாலேயே மதிப்பெண் ஏறும். ஒரே தேர்வை இரண்டாவது முறை எழுதினால் பழக்கத்திலேயே கூடும். படிப்பில் பின்தங்கியவர்கள் நடுவில் நின்றுவிட்டால் மிச்சம் இருப்பவர்களின் சராசரி தானாக உயரும்.

அளவுகோலே மாறிவிடும் சிக்கலும் உண்டு. சமீபத்திய உதாரணம் ஒன்று. மத்திய அரசின் 'யூடைஸ் பிளஸ்' பள்ளித் தரவு 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரையும் பெயர் வாரியாகப் பதிவு செய்கிறது. அதற்கு முன் பள்ளிகள் மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுத்தன. எண்ணும் முறையே மாறியதால் முந்தைய ஆண்டுகளோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று அமைச்சகமே சொன்னது. 'மாணவர் சேர்க்கை சரிந்தது' என்று அதை வைத்துத் தலைப்புப் போடும் முன் எங்களைப் போன்றவர்கள் அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும்.

அக்கா - தங்கை, அண்ணன் - தம்பி கணக்கு

பீகாருக்கு வருவோம். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வு 2017ல் வெளியானது. அவர்கள் பயன்படுத்தியது 2007-08ல் நாடு முழுக்க வீடு வீடாக நடந்த மாவட்ட அளவிலான கணக்கெடுப்பு ஒன்று. அதன் முதன்மை நோக்கம் சுகாதாரம், சைக்கிள் திட்டத்தை அளக்க நடத்தியது அல்ல. ஆனால் வீட்டில் யார் எத்தனையாவது வரை படித்திருக்கிறார்கள் என்ற தகவல் அதில் இருந்தது. கிராமத்திலிருந்து உயர்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர் என்ற தகவலும் இருந்தது.

கணக்கெடுப்பு நடந்தபோது 16, 17 வயதில் இருந்த பெண்கள், சைக்கிள் வருவதற்கு முன்பே ஒன்பதாம் வகுப்பு வயதைக் கடந்துவிட்டவர்கள். 14, 15 வயதினர், சைக்கிள் வந்த பிறகு அந்த வயதை எட்டியவர்கள். சுலபமாக, முதல் குழுவை அக்காக்கள் என்றும் இரண்டாவது குழுவைத் தங்கைகள் என்றும் வைத்துக்கொள்வோம். (ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டியதில்லை.)

கணக்கைக் கற்பனை எண்களில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை, முறை மட்டும்தான் ஆய்வினுடையது.

பீகாரில் 100 அக்காக்களில் 30 பேர் ஒன்பதாம் வகுப்பை எட்டினார்கள், தங்கைகளில் 38 பேர் என்று வைப்போம். 8 பேர் அதிகம். செய்திக்குறிப்பு இதோடு முடிந்துவிடும்.

ஆனால் சாலையும் சட்டம் ஒழுங்கும் ஆசிரியர் நியமனமும் பையன்களுக்கும்தானே பலன் தரும்? பீகாரில் 100 அண்ணன்களில் 45 பேர், தம்பிகளில் 48 பேர் என்றால், சைக்கிள் கிடைக்காத பையன்களே 3 பேர் கூடியிருக்கிறார்கள். 8ல் 3ஐக் கழித்தால் 5.

இதோடு நிறுத்தலாமா? கூடாது. அந்தக் காலத்தில் நாடு முழுக்கவே படிப்பில் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த 5ல் கொஞ்சம் அதனாலும் வந்திருக்கலாம். அதற்குத்தான் ஜார்க்கண்ட். 2000 நவம்பர் 15 வரை பீகாருக்குள்ளேயே இருந்த நிலம், சைக்கிள் திட்டம் இல்லாத பக்கத்து மாநிலம். அங்கே அக்கா - தங்கை வித்தியாசம் 3, அண்ணன் - தம்பி வித்தியாசம் 2 என்றால், பெண்கள் தாமாகவே எட்டிப் பிடித்தது 1. முன்பு கிடைத்த 5ல் இந்த 1ஐயும் கழிக்க வேண்டும். சைக்கிளின் பங்கு 4.

முதலில் 8 என்று தெரிந்தது பாதியாகிவிட்டது. இப்படி மூன்று தடவை கழிப்பதால் இதை 'மும்மடி வித்தியாச' முறை என்று சொல்லலாம். கழித்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்குதான். யாரை யாரிடமிருந்து கழிப்பது என்று முடிவு செய்வதில்தான் ஆய்வாளரின் வேலை இருக்கிறது.

இன்னொரு விஷயம். பீகாரும் ஜார்க்கண்டும் ஒரே மாதிரியா? இல்லை. ஜார்க்கண்டில் பழங்குடியினர் அதிகம், சுரங்கங்கள் அதிகம். பரவாயில்லை. இந்த முறைக்கு இரண்டு இடங்களும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. திட்டம் வராமல் இருந்திருந்தால் ஆண் - பெண் இடைவெளி இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில் மாறியிருக்கும் என்று நம்ப முடிந்தால் போதும். அந்த 'இருந்திருந்தால்' என்பதை யாரும் நேரில் பார்க்க முடியாது. திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் வேகம் எப்படி இருந்தது என்று பார்த்து ஊகிக்கத்தான் முடியும். இந்த வகை ஆய்வு எதையாவது படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த முந்தைய ஆண்டுகளின் வரைபடத்தைத்தான்.

முடிவு என்ன வந்தது?

உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் விகிதம் 32% கூடியது. ஆண் - பெண் இடைவெளி 40% குறைந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 32% என்றால் 100 பெண்களில் புதிதாக 32 பேர் வந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. முன்பு 100க்கு 16 பேர் போனார்கள் என்றால், 32% கூடுதல் என்பது சுமார் 5 பேர். அடிப்படை எண் சிறியதாக இருக்கும்போது சதவீதம் பெரிதாகத் தெரியும். ஐந்து பேர் என்பதும் பீகார் அளவு பெரிய மாநிலத்தில் சின்ன விஷயம் இல்லைதான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய மாணவிகள் எண்ணிக்கை 18% கூடியது, தேர்ச்சி பெற்றவர்கள் எண்ணிக்கை 12% கூடியது. தேர்வு எழுதியவர்கள் கூடிய அளவுக்குத் தேர்ச்சி பெற்றவர்கள் கூடவில்லை. சைக்கிள் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த ஆய்வில் என்னை அதிகம் நம்பவைத்தது இந்தச் சதவீதங்கள் அல்ல, தூரம். சைக்கிள்தான் காரணம் என்றால், பள்ளி பக்கத்திலேயே இருக்கும் ஊரில் அதனால் பெரிய மாற்றம் வரக் கூடாது. தூரத்து ஊர்களில்தான் வர வேண்டும். பார்த்தபோது அப்படியேதான் இருந்தது: கூடிய சேர்க்கையில் பெரும்பகுதி, உயர்நிலைப் பள்ளி 3 கி.மீ.க்கு அப்பால் இருந்த கிராமங்களிலிருந்து வந்தது. 2,000 ரூபாய் ஆசைதான் காரணம் என்றால் பக்கத்து ஊர்ப் பெண்களும் அதே அளவு சேர்ந்திருப்பார்களே?

ஓட்டையே இல்லையா?

இருக்கிறது. இந்தக் கணக்கைக் கவிழ்க்க வேண்டும் என்றால், பீகாரில் மட்டும், பெண்களுக்கு மட்டும், அதே இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்த வேறொன்றைக் காட்ட வேண்டும். அப்படி ஒன்று எனக்கே தோன்றியது. 2006ல்தான் பீகார் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு 50% இடஒதுக்கீடு கொண்டுவந்தது. ஜார்க்கண்டில் 2010 வரை பஞ்சாயத்துத் தேர்தலே நடக்கவில்லை. பெண் தலைவர்கள் இருக்கும் கிராமங்களில் பெண் பிள்ளைகளின் படிப்பு ஆசை கூடுகிறது என்று மேற்கு வங்கத்தில் நடந்த ஓர் ஆய்வு 2012ல் காட்டியிருக்கிறது. அப்போ அதுவும் காரணமாக இருக்கலாமே?

இருக்கலாம். ஆனால் பெண் முக்கியாவின் தாக்கம் பள்ளிக்குத் தூரமான ஊரில் மட்டும் வேலை செய்து, பக்கத்து ஊரில் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் சொல்வது கஷ்டம். சந்தேகத்தை முழுசாகத் துடைக்க முடியாது. தூரக் கணக்கு அதைப் பெருமளவு குறைக்கிறது.

2009ல் பீகார் அரசு பையன்களுக்கும் சைக்கிள் திட்டத்தை விரிவுபடுத்தியது. நல்ல விஷயம். ஆனால் அதோடு அண்ணன் - தம்பி என்ற ஒப்பீட்டுக் குழு காணாமல் போய்விட்டது. 2007-08 கணக்கெடுப்பு நடந்த அந்தக் குறுகிய காலத்தில்தான் இந்த ஆய்வுக்கு வழி இருந்தது.

தப்பான ஆளோடு ஒப்பிட்டால்?

நல்ல திட்டம்கூடக் கெட்ட திட்டமாகத் தெரியும். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' முன்பருவக் கல்வித் திட்டம் 1965ல் தொடங்கியது. 1969ல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் ஒஹாயோ பல்கலைக்கழகமும் செய்த மதிப்பீடு, அதனால் பெரிதாகப் பலன் இல்லை என்ற முடிவைச் சொன்னது. மேலே சொன்ன அதே டொனால்டு கேம்ப்பெல், ஆல்பர்ட் எர்லபேக்கருடன் சேர்ந்து 1970ல் இதைக் கடுமையாக விமர்சித்தார். ஒப்பிட எடுத்த குழந்தைகள் கொஞ்சம் வசதியான பின்னணியில் இருந்து வந்தவர்கள், ஜோடி சேர்த்த விதமே திட்டத்துக்கு எதிராக வேலை செய்கிறது என்பது வாதம்.

நம்ம ஊர் உதாரணத்தில் சொன்னால் புரியும். சராசரி குறைவான பள்ளியிலிருந்து 50 மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளை, சராசரி அதிகமான பள்ளியிலிருந்து 50 எடுத்த இன்னொரு பிள்ளை. இரண்டு பேரும் சமம் என்று ஜோடி சேர்க்கிறோம். ஆனால் முதல் பிள்ளை அன்றைக்கு நன்றாக எழுதியவராக இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டாவது பிள்ளை அன்றைக்குச் சொதப்பியவராக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தேர்வில் இருவரும் அவரவர் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள். முதல் பிள்ளைக்கு இடையில் ஏதாவது திட்டம் கொடுத்திருந்தால், "திட்டத்தால் மதிப்பெண் குறைந்தது" என்று தோன்றும்!

இதன் மறுபக்கமும் உண்டு. வகுப்பில் மிகக் குறைவான மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கிச் சிறப்பு வகுப்பு வைத்தால், அடுத்த தேர்வில் அவர்கள் கொஞ்சம் ஏறத்தான் செய்வார்கள். சிறப்பு வகுப்பில் ஒன்றுமே நடக்காவிட்டாலும்.

கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

பக்கத்து மாநிலம் கிடைக்காதபோது ஆய்வாளர்கள் தேடுவது ஒரு கட்-ஆஃப். 1994ல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், அதாவது டி.பி.இ.பி., பழைய ஆசிரியர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வைத்தார்கள்: 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்கள் எழுத்தறிவு தேசிய சராசரியான 39.3%க்குக் கீழே இருக்க வேண்டும். 39%ல் இருந்த மாவட்டத்துக்கும் 39.6%ல் இருந்த மாவட்டத்துக்கும் உண்மையில் என்ன பெரிய வித்தியாசம்? ஆனால் ஒன்றுக்குப் பணம் வரும் வாய்ப்பு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு. கோட்டின் இருபுறமும் ஒட்டி நிற்கும் மாவட்டங்களை ஒப்பிட்ட பொருளாதார ஆய்வாளர் கௌரவ் கன்னா, திட்டம் வந்த பக்கம் படிப்பும் பிற்காலச் சம்பளமும் கூடியதைக் காட்டினார். கூடவே இன்னொன்றையும் காட்டினார்: படித்தவர்கள் எண்ணிக்கை கூடியதால், படிப்புக்குச் சந்தையில் கிடைக்கும் கூடுதல் சம்பளம் கொஞ்சம் இறங்கியது.

இந்த முறைக்கு ஒரு பலவீனம். கோட்டுக்கு அருகில் இருப்பவர்களைப் பற்றி மட்டுமே அது பேசும். 20% எழுத்தறிவு இருந்த மாவட்டத்தில் அதே பலன் வருமா என்று சொல்லாது. கோட்டை யாராவது தெரிந்தே தாண்டினாலும் சிக்கல்.

இஸ்ரேலில் ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது விதி. 40 பேர் என்றால் ஒரே வகுப்பு, 41 பேர் என்றால் 20, 21 என இரண்டு வகுப்பு. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், விக்டர் லாவி இருவரும் 1999ல் இதை வைத்து, சிறிய வகுப்பில், முக்கியமாக ஐந்தாம் வகுப்பில், மதிப்பெண் கூடுகிறது என்று காட்டினார்கள். பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த ஆய்வு. பிறகு அவர்களே வேறு சிலருடன் சேர்ந்து 2002 முதல் 2011 வரையான புதிய தரவில் திரும்பச் செய்தார்கள். 2019ல் முடிவு வந்தது: பலன் எதுவும் இல்லை. கட்-ஆஃப் அருகே பள்ளிகள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியதும் தெரியவந்தது. முடிவு மாறியதற்கு அந்தத் தில்லுமுல்லு காரணம் இல்லை என்று சோதித்தும் பார்த்தார்கள். தங்கள் புகழ்பெற்ற முடிவைத் தாங்களே திரும்ப அளந்து, அது நிற்கவில்லை என்று எழுதியது எனக்குப் பிடித்த விஷயம்.

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க நிலையில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஒரு பிள்ளையின் பெயர் கூடுதலாக இருந்தால் ஓர் ஆசிரியர் கூடுதல் என்ற நிலையில், இங்கே வருகைப் பதிவேட்டை வைத்து இதே ஆய்வைச் செய்பவர் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இல்லம் தேடிக் கல்வி: மீட்சியில் எவ்வளவு பங்கு?

தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு, 2021 இறுதியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கும் இந்தக் கேள்வி வந்தது. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் ஊருக்குள்ளேயே வகுப்பு எடுத்தார்கள். யார் அங்கே போனார்கள்? அக்கறையான அம்மா அனுப்பிய பிள்ளைகளா? அப்படியானால் திட்டத்தின் பலன் அதிகமாகத் தெரியும். ரொம்பப் பின்தங்கிய பிள்ளைகளா? அப்படியானால் குறைவாகத் தெரியும்.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை 2021 டிசம்பர் முதல் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். இழப்பை அளக்க அவர்கள் எடுத்த ஒப்பீட்டுக் குழு, அதே கிராமங்களில் 2019ல் அதே வயதில் இருந்த பிள்ளைகள். திட்டத்தின் பங்கை அளக்க, ஒவ்வொரு பிள்ளையும் முன்பு இருந்த இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பதைப் பார்த்தார்கள்.

பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவந்தது. அந்த மீட்சியில் சுமார் 24% இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

வெறும் முன்-பின் கணக்குப் போட்டிருந்தால் மொத்த மீட்சியும் திட்டத்தின் கணக்கில் ஏறியிருக்கும். பெரும்பகுதி வேறு வழியில் வந்தது, முக்கியமாகப் பள்ளி திறந்ததே பெரிய மருந்து. அதற்காக 24% குறைவான எண் இல்லை. குறைந்த செலவில், உள்ளூர்த் தன்னார்வலர்களை வைத்து நடந்த ஒரு திட்டத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் குலுக்கல் முறையில் பிரித்தது அல்ல என்பதால், முன்னேற்றத்தை ஒப்பிட்டாலும் ஆர்வம், வீட்டுச் சூழல் போன்ற அளக்காத விஷயங்கள் கொஞ்சம் உள்ளே இருக்க இடம் உண்டு.

தமிழ்நாட்டு சைக்கிளுக்கும் இதே கணக்கைப் போடலாமா?

பீகார் ஆய்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பது இது. நேரடியாக முடியாது. இங்கே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவ, மாணவிகள் இரு தரப்புக்கும் சைக்கிள் கிடைக்கிறது. அதனால் தம்பியைத் தங்கையிடமிருந்து கழிக்க முடியாது. எல்லா மாவட்டத்திலும் இருப்பதால் பக்கத்து மாவட்டமும் இல்லை. சைக்கிள் கிடைக்காத தனியார் பள்ளிப் பிள்ளைகளை எடுத்தால் ஹெட் ஸ்டார்ட் கதைதான் திரும்ப வரும்.

மிச்சம் இருப்பது தூரம்தான். வீட்டுக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர், அந்த வழியில் பஸ் வருகிறதா, பத்தாவது முடித்தவர்களில் எத்தனை பேர் பதினொன்றுக்குப் போனார்கள் என்று கிராம வாரியாக, சைக்கிள் வருவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் சேர்த்து யாராவது திரட்டினால் கணக்கைத் தொடங்கலாம். இதில் கஷ்டமானது கடைசிப் பகுதி. இன்றைக்கு அளக்கலாம், முந்தைய ஆண்டுகளுக்குத் திரும்பப் போய் அளக்க முடியாது.